முள்ளங்கி மைக்ரோகிரீன்ஸ் தட்டில் என்ன கோளாறு? முதலில் நாளை எண்ணுங்கள்

காய்ச்சல் என்று போனால் டாக்டர் முதலில் கேட்பது "எத்தனை நாளா?" என்றுதான். முள்ளங்கி விதையைத் தட்டில் நெருக்கமாகத் தூவி, ஒரு வாரத்தில் இளங்கீரையாக வெட்டித் தின்பதுதான் மைக்ரோகிரீன்ஸ். அந்தத் தட்டுக்கும் அதே கேள்விதான் முதல் கேள்வி. இரண்டாம் நாள் வேரைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் பயிர் சுகமாக இருக்கிறது. ஆறாம் நாள் அதே வெள்ளை தண்டில் ஏறியிருந்தால் தட்டு கைவிட்டுப் போய்விட்டது. மூன்றாம் நாள் இலை மஞ்சளாக இருந்தால் இயல்பு. ஆறாம் நாளும் மஞ்சள் என்றால் வெளிச்சம் போதவில்லை. அறிகுறி ஒன்றாகவே இருக்கும், நாள் மாறினால் வைத்தியம் மாறும். அதனால் விதைத்த தேதியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தட்டில் ஒட்டிவிட்டுத்தான் நான் மற்ற வேலையைப் பார்ப்பேன்.

மும்பை சயானில் எங்கள் வீட்டுக்குப் பால்கனி கிடையாது. கிழக்கு ஜன்னல் கிரில்லும் சமையலறை மேடையின் ஒரு முழமும்தான் தோட்டம். மாட்டுங்கா, தாராவி, செம்பூர் என்று சுற்றுவட்டாரத்தில் வளர்ப்பவர்கள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கீழே இருப்பது அவர்கள் கேட்ட வரிசைதான். அதிகம் கேட்டது முதலில்.

கோளாறில்லாத தட்டு எப்படி நடக்கும் என்று தெரிந்தால்தான் கோளாறு புரியும். மிட்டாய்க்கடை பிளாஸ்டிக் டப்பா, 20 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், அடியில் பத்துப் பன்னிரண்டு துளை. உள்ளே இரண்டு விரல்கடை உயரத்துக்குக் கழுவிய கோகோபீட், அதாவது தேங்காய் நார்த்தூள். விதை 7 கிராம். தலைதட்டிய இரண்டு டீஸ்பூன் வரும். நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் தூவ வேண்டும். அதன்மேல் இன்னொரு டப்பா, அந்த டப்பாவுக்குள் ஒரு கிலோ அரிசிப் பை. வீட்டுக்குள் 26, 28 டிகிரி இருந்தால் மறுநாளே வெள்ளை மூக்கு எட்டிப்பார்க்கும். இரண்டாம் நாள் வேர் இறங்கும். மூன்றாம் நாள் பயிர் அரிசிப் பையையே தூக்கிக்கொண்டு நிற்கும். அப்போது பாரத்தை எடுத்து வெளிச்சத்தில் வைத்தால் நாலாம் நாள் பச்சை பிடிக்கும். ஆறிலிருந்து எட்டாம் நாளுக்குள் அறுவடை.

வேரைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு, இரண்டாம் மூன்றாம் நாள்

எதிர் வீட்டுப் பையன் முதல் தட்டைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"அத்தை, பூசணம் பூத்துட்டு. கொட்டிரட்டா?"

"எத்தனையாவது நாளு?"

"ரெண்டாவது நாளு."

"தண்ணி தெளி மொதல்ல."

தெளித்தான். பஞ்சு இருந்த இடம் தெரியவில்லை. அது வேர்த்தூவி. வேர் நுனிக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் தோல் செல்கள் ஒவ்வொன்றும் ஈரத்தைத் தேடி நீட்டும் மெல்லிய இழை. முள்ளங்கியில் அது மிகவும் அடர்த்தி. பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி வேரைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே அளவில் நிற்கும். தண்ணீர் பட்டதும் வேரோடு ஒட்டிக்கொள்ளும். காய்ந்தால் மறுபடி எழும். இதைப் பூசணம் என்று நினைத்து நல்ல தட்டை எறிந்தவர்கள் நிறையப் பேர். என் முதல் மூன்று தட்டுகளும் அப்படித்தான் குப்பைக்குப் போயின.

நிஜப் பூசணம் தண்ணீருக்கு மறையாது. நனைந்து சுருங்கும், ஆனால் இருக்கும். அது சிலந்தி வலை மாதிரி ஏதோ ஓர் இடத்தில் தொடங்கி விதைக்கு விதை தாவும். வேர் இல்லாத இடத்திலும், நார்த்தூளின் மேலும், தண்டின் நடுவிலும் இருக்கும். ஓரிரு நாளில் சாம்பல் நிறமோ கருப்புப் புள்ளியோ வரும். முகர்ந்தால் மழைக்காலத்துப் பீரோ வாடை. வேர்த்தூவிக்கு வாடையே கிடையாது.

நிஜப் பூசணம்தான்

வலை தொடங்கிய இடத்தை ஊசியால் கிளறிப் பாருங்கள். பெரும்பாலும் நடுவில் முளைக்காத விதையோ உடைந்த விதையோ கிடக்கும். உயிருள்ள முளையைவிடச் செத்த விதைதான் பூசணத்துக்குச் சுலபமான சாப்பாடு. அதனால் மருந்து தெளிப்பதைவிட விதையைப் புடைப்பதில் நேரம் செலவழிப்பதுதான் எனக்குப் பலன் தந்தது. முறத்தில் போட்டு உடைசலை நீக்குவேன். ஊறவைக்கும்போது ஒரு தடவை நன்றாகக் கலக்கியும் கடைசிவரை மிதப்பதை வடித்துக் கொட்டிவிடுவேன்.

அடுத்த காரணம் காற்று. மும்பைக்கு மழை ஜூனில் இறங்கி செப்டம்பர் வரை நிற்கிறது. சாந்தாகுரூஸ் வானிலை நிலையக் கணக்கில் ஜூலை மாதச் சராசரி மட்டும் 800 மில்லிமீட்டருக்கு மேல். காய்கிற துணியே மூன்று நாள் ஈரம் விடாத அந்த மாதத்தில் தட்டின் ஈரம் மட்டும் எங்கே போகும்? இந்த ஊரில் தட்டைக் கெடுப்பது பாசத்தோடு வேளைக்கு வேளை தண்ணீர் தெளிக்கும் கைதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை நான் கடைப்பிடிப்பது இது: விதையை 7 கிராமிலிருந்து 5 கிராமாகக் குறைப்பேன். மூன்றாம் நாள் பாரத்தை எடுத்த பிறகு ஸ்பிரே பாட்டிலைத் தொடவே மாட்டேன். ஒரு தாம்பாளத்தில் அரை விரல் உயரம் தண்ணீர் விட்டு, துளை போட்ட டப்பாவை அதில் பத்து நிமிடம் உட்காரவைத்துத் தூக்கிவிடுவேன். வேர் கீழிருந்து குடிக்கும். தண்டும் இலையும் நனையாது. கூடவே சின்ன மேஜை விசிறி, மெதுவான வேகத்தில், நேராக அடிக்காமல் பக்கவாட்டில். தாராவி கும்பர்வாடாவில் அகலமான மண் தட்டு கிடைக்கிறது. மெருகு பூசாத மண் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடுவதால் மழைக்காலத்துக்கு அதையே அதிகம் நம்புகிறேன்.

பூசணம் பிடித்த தட்டைக் காப்பாற்றலாமா? மூன்றாம் நாளுக்கு முன், நாலணா அளவுக்கு ஒரே இடத்தில் இருந்தால், சுற்றி இரண்டு விரல்கடை சேர்த்துக் கரண்டியால் தோண்டி எறிந்துவிட்டுக் காற்றாட வையுங்கள். மறுநாள் வேறு இடத்தில் தெரிந்தாலோ, தண்டைத் தொட்டிருந்தாலோ மொத்தத்தையும் எறியுங்கள். வினிகர், ஹைட்ரஜன் பெராக்சைடு என்று தெளித்து வெள்ளையை மறைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குப் பரிமாறுவதில் எனக்குச் சம்மதமில்லை. ஒரு தட்டு விதையின் விலை சில ரூபாய்.

நின்ற பயிர் படுத்துவிட்டது

முதலில் டப்பாவைக் கையால் தூக்கிப் பாருங்கள். எடையே இல்லாமல் இருந்தால் தாகம். தண்டின் அடி வெள்ளையாக, திடமாக இருக்கும். இலை மட்டும் தொங்கும். தாம்பாளத் தண்ணீரில் வைத்துவிட்டு ஒரு காபி போட்டுக் குடித்து வந்தால் எழுந்து நிற்க ஆரம்பித்திருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் காலை எட்டு மணிக்குப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனவர்கள் மாலையில் கண்ணீர் விடுவது பெரும்பாலும் இதற்குத்தான். அந்த மாதங்களில் இரண்டு வேளை தண்ணீர்.

தட்டு கனமாக இருந்தும் பயிர் படுத்திருந்தால் விஷயம் வேறு. தண்டு நார்த்தூளைத் தொடும் இடத்தைப் பாருங்கள். அந்த இடம் மட்டும் நூல் மாதிரி மெலிந்து, பழுப்பாக, நீர்கோத்து இருந்தால் அது நாற்றழுகல். தக்காளி, கத்தரி நாற்றங்காலில் விவசாயிகள் பார்க்கிற அதே நோய். பித்தியம், ரைசாக்டோனியா போன்ற மண் கிருமிகள் தண்டின் அடியைத் தின்றுவிடுகின்றன. வட்ட வட்டமாகப் பரவும். படுத்தது எழாது. அதற்கு மருந்து தேட வேண்டாம். தட்டை முழுக்கக் கொட்டி, சோப்பால் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கால் மணி நேரம் போட்டு, அலசி, வெயிலில் காயவையுங்கள். அந்த நார்த்தூளை அடுத்த தட்டுக்கு எடுக்கவே கூடாது. பூந்தொட்டிக்கும் வேண்டாம். "தூள் நல்லாத்தானே இருக்கு" என்று மிச்சம் பிடிப்பவர்கள் வீட்டில்தான் நாற்றழுகல் தட்டு தட்டாகத் தொடர்கிறது.

மூன்றாவது, எல்லாமே ஒரே பக்கம் சாய்ந்திருப்பது. நோய் இல்லை. ஜன்னலைப் பார்த்து எட்டுகின்றன. காலையும் மாலையும் தட்டைத் திருப்பி வையுங்கள்.

விதை முளைக்கவே இல்லை, அல்லது பாதிதான் வந்தது

இரண்டு நாளில் மூக்கு எட்டிப்பார்க்காத முள்ளங்கி விதை இந்த ஊர்ச் சூட்டில் பெரும்பாலும் இனி வராது. ஒரு விதையை நகத்தால் அமுக்குங்கள். கூழாக நசுங்கினால் தண்ணீர் தேங்கி, மூச்சு முட்டி அழுகியிருக்கிறது. டப்பாவின் துளை அடைத்திருக்கும். கெட்டியாக இருந்தால் விதை பழசு.

விதைக்குக் கடற்காற்று ஆகாது. பிரித்த பாக்கெட்டை ரப்பர் பேண்ட் போட்டு அலமாரியில் வைத்தால் ஒரே மழைக்காலத்தில் வீரியம் இறங்கிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பிரிட்ஜில் வையுங்கள். புதுப் பாக்கெட் வாங்கினால் 50 விதையை எண்ணி, ஈர இட்லித் துணியில் சுருட்டி, மூன்றாம் நாள் திறந்து எண்ணிப் பாருங்கள். 45-க்கு மேல் முளைத்திருந்தால் தைரியமாக விதைக்கலாம். 40-க்குக் கீழே என்றால் நான் அதைத் தட்டில் போடுவதில்லை. "குறைவா முளைச்சா கூடப் போட்டா சரியாப்போச்சு" என்று தோன்றும். கூடப் போட்டால் செத்த விதையும் கூடும், பூசணத்துக்கு விருந்து. அந்தப் பாக்கெட்டைத் தொட்டியில் விதைத்து முள்ளங்கியாகவே பறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தப் பக்கம் முழுவதிலும் நீங்கள் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். முள்ளங்கி விதையின் இயல்பான நிறம் வெளிர் பழுப்பிலிருந்து செம்பழுப்பு வரை. இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என்று சாயம் பூசியதுபோல இருந்தால் அது விதை நேர்த்தி செய்தது. மண்ணில் அழுகாமல் இருக்க திரம், கேப்டான் போன்ற பூஞ்சைக்கொல்லி கலந்தது. வயலில் விதைத்து ஒன்றரை மாதம் கழித்துக் கிழங்கு பறிக்கிறவர்களுக்கு அது. ஏழாம் நாள் தின்கிற நமக்கு அது விஷம். கழுவினாலும் ஆகாது. ஒருமுறை ஒரு கடையில் "சாப்பிடத்தான்" என்று சொல்லிக் கேட்டும் இளஞ்சிவப்பு விதையைக் கட்டிக் கொடுத்தார்கள். ஊறவைத்த தண்ணீர் ரோஸ்மில்க் நிறத்துக்கு வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. விதைக் கடையில் இங்கே முளா, மூலி என்று கேட்க வேண்டும். கூடவே "மருந்து போடாதது" என்று அழுத்திச் சொல்லி, பாக்கெட்டில் நஞ்சு எச்சரிக்கை இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். ரகம் பெரிய விஷயமில்லை. டெல்லி பூசா வளாகத்தில் இருக்கும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் பூசா சேட்கி போன்ற சாதாரணக் கிழங்கு ரகமே போதும், மருந்து கலக்காததாக இருந்தால்.

ஜாடியில் முளைகட்டியது நாறுகிறது

மண்ணோ நாரோ இல்லாமல் ஜாடியில் முளைகட்டி, வேரும் விதையுமாகச் சாப்பிடுவது வேறு முறை. மூன்று நான்கு நாளில் ஆகிவிடும். ஆனால் தட்டைவிட இதில்தான் கவனம் கூட வேண்டும்.

முள்ளங்கி முளைக்கு இயல்பாகவே முட்டைக்கோஸ் சாயலில் ஒரு கந்தக வாடை உண்டு. அலசினால் அது குறையும். அலசியபின்னும் புளித்த வாடையோ ஊசின வாடையோ நின்றால், தொட்டால் வழவழவென்று இருந்தால், ஜாடியோடு குப்பைக்கு. வேகவைத்தால் சரியாகிவிடுமா என்று கேட்காதீர்கள், கெட்டது கெட்டதுதான். அடுத்த முறை ஒரு நாளைக்கு மூன்று தடவை, மே மாதத்தில் நான்கு தடவை அலசுங்கள். அதைவிட முக்கியம் வடிப்பது. ஜாடியின் வாயில் வலைத்துணி கட்டி, பாத்திரம் கவிழ்க்கும் ஸ்டாண்டில் சாய்வாகக் கவிழ்த்து வைத்தால் ஒரு சொட்டும் அடியில் தேங்காது.

நாற்றமே இல்லாத முளையும் ஆபத்தாகலாம் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். 1996 ஜூலையில் ஜப்பானின் சகாய் நகரத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஈ.கோலி ஓ157 கிருமியால் படுத்தார்கள், சிலர் இறந்தார்கள். சந்தேகம் விழுந்தது முள்ளங்கி முளைமேல். 2011-இல் ஜெர்மனியில் 50 பேருக்கு மேல் உயிரைக் குடித்த ஈ.கோலித் தொற்றின் மூலம் வெந்தய முளை. நம் சமையலறையில் தினமும் இருக்கிற அதே வெந்தயம். கிருமி விதையோடு வருகிறது. விதைத் தோலின் விரிசலுக்குள் இருப்பதை அலசல் முழுதாக எடுப்பதில்லை. முளைக்கத் தேவையான சூடும் ஈரமும் கிருமி பெருகவும் தோதானவை. அதனால் கைக்குழந்தை, ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை, கர்ப்பிணி, வயதானவர், நோய் எதிர்ப்பு குறைந்தவர் இருக்கும் வீட்டில் முளையைப் பச்சையாகப் பரிமாற வேண்டாம். இந்த ஊர்க்காரர்கள் மட்கி என்ற சிறு பயறை முளைகட்டினாலும் உசலாக வேகவைத்துத்தான் தட்டில் வைக்கிறார்கள். நம் வீடுகளிலும் முளைப்பயறு சுண்டலாகத்தான் வரும். அதே வழக்கத்தை முள்ளங்கி முளைக்கும் வையுங்கள், ஆவி பறக்க வெந்ததாக.

தட்டில் வளர்க்கும் மைக்ரோகிரீன்ஸில் வேரையும் விதையையும் விட்டுவிட்டு மேலே வெட்டுவதால் ஆபத்து குறைவு. அறவே இல்லை என்று சொல்லமாட்டேன். என் மாமியாருக்கு அதையும் ரசம் கொதிக்கும்போதே போட்டுவிடுகிறேன்.

நெடுநெடுவென்று வளர்ந்து வெளுத்திருக்கிறது

நாலாம் நாளுக்கு முன் மஞ்சள் என்றால் விடுங்கள், ஒரு பகல் வெளிச்சம் பட்டால் பச்சையாகும். அதற்குப் பிறகும் வெளுப்பு என்றால் வெளிச்சம் போதவில்லை, அல்லது பாரத்தை ஒரு நாள் தாமதமாக எடுத்திருக்கிறீர்கள். எதிர்க் கட்டடம் கைநீட்டினால் தொடும் தூரத்தில் இருக்கும் வீடுகளில் ஜன்னல் உதவாது. சாதாரண வெள்ளை எல்இடி ட்யூப் லைட்டை ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டு 12 மணி நேரம் எரியவிடுங்கள், போதும்.

விதைத் தோல் தொப்பி மாதிரி இலையில் ஒட்டியிருக்கிறது

மேலே பாரம் வைக்காமல் விட்டிருப்பீர்கள், அல்லது முதல் இரண்டு நாள் மேல்பரப்பு காய்ந்திருக்கும். பாரத்தை முட்டி எழும்போதுதான் தோல் உரசிக் கழல்கிறது. இப்போது என்ன செய்வது என்றால், லேசாகத் தண்ணீர் தெளித்து அரை மணி கழித்து உள்ளங்கையால் மேலாகத் தடவிவிடுங்கள். பூசணக் காலத்தில் இதைக் காலையில் செய்யுங்கள், ராத்திரிக்குள் காய்ந்துவிடும்.

முளைத்தது, ஆனால் வளராமல் குன்றியிருக்கிறது. வேர் நுனி பழுப்பு

நார்த்தூளில் உப்பு. தேங்காய் மட்டையை உப்புக்கழியில் ஊறப்போடும் இடங்களிலிருந்து வரும் நாரில் உப்பு நிறையவே இருக்கும். செங்கல் வடிவக் கட்டியை வாளியில் ஊறப்போட்டு, பிழிந்து, மூன்று தண்ணீர் மாற்றுங்கள். முதல் தண்ணீர் கருங்காப்பி மாதிரி வரும். கடைசித் தண்ணீர் இளம் தேநீர் நிறத்துக்கு வந்தால் சரி. கழுவியது என்று மேலே அச்சடித்திருந்தாலும் நான் ஒரு தண்ணீராவது மாற்றிவிடுவேன்.

எறும்பு, பூச்சி, புறா

விதைத்த அன்றே விதை குறைந்தால் எறும்பு தூக்கிக்கொண்டு போகிறது. நெய்ப் பாத்திரத்துக்குச் செய்வதுபோலத் தண்ணீர்த் தட்டின் நடுவில் கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் டப்பாவை வையுங்கள். கொசுவைவிடச் சின்னக் கருப்புப் பூச்சி பறந்தால் தொட்டி மண்ணோ கம்போஸ்ட்டோ கலந்திருக்கிறீர்கள். மேல்பரப்பைக் காயவிட்டு, அடுத்த முறை நார்த்தூள் மட்டும் போடுங்கள்.

புறாதான் மும்பையின் பெரிய தலைவலி. நுனி கிள்ளியதுபோல இருந்து, நார்த்தூள் சிதறியிருந்தால் அதன் வேலை. எச்சம் ஒரு துளி விழுந்திருந்தாலும் அந்தத் தட்டைச் சாப்பிடக் கூடாது. கிரில்லுக்கு வெளியே வலை கட்டாமல் ஜன்னல் மேடையில் தட்டை வைக்காதீர்கள்.

காரம் தாங்கவில்லை, நாக்கில் சொரசொரக்கிறது

இரண்டும் வேறு வேறு. காரம் குறையில்லை, முள்ளங்கி கடுகுக் குடும்பம். இலையைக் கடிக்கும்போதோ நறுக்கும்போதோ செல் உடைந்து, தனித்தனி அறையில் இருந்த கந்தகச் சத்தும் மைரோசினேஸ் என்ற நொதியும் கலந்து காரம் பிறக்கிறது. பொடியாக நறுக்க நறுக்கக் காரம் ஏறும். பிள்ளைகளுக்கு நறுக்காமல் முழுசாகத் தயிர்ப் பச்சடியில் போடுங்கள். அடை மாவில் கலந்து வார்த்தால் சூட்டில் அந்த நொதி செயலிழந்து காரம் அடங்கிவிடும். எனக்கு அந்தக் காரம் பிடிக்கும். கோசுமல்லியில் பச்சைமிளகாயை நிறுத்திவிட்டு இதைத்தான் போடுகிறேன்.

சொரசொரப்பு என்றால் வெட்ட நாள் தாண்டிவிட்டது. முதலில் வரும் இதய வடிவ இரண்டு வித்திலைகள் வழவழப்பானவை. அடுத்து நடுவில் வரும் நிஜ இலையில் சுணை இருக்கும். அது தலைகாட்டும்போதே வெட்டிவிடுங்கள்.

வெட்டியபின் மறுபடி வரவில்லை

வராது. துளிர் வித்திலைகளுக்கு நடுவில் இருக்கிறது, அதைத்தான் வெட்டிவிட்டீர்கள். தினமும் வேண்டுமென்றால் மூன்று நாளைக்கு ஒரு டப்பா விதையுங்கள்.

பிரிட்ஜில் வைத்தது மறுநாளே கூழாகிவிட்டது

ஈரத்தோடு மூடியிருப்பீர்கள். தண்ணீர் காட்டி அரை நாளாவது கழித்து, இலை உலர்ந்திருக்கும்போது வெட்ட வேண்டும். கழுவாமல், அடியில் பேப்பர் டவல் போட்ட கண்ணாடி டப்பாவில் அமுக்காமல் அடுக்கினால் ஐந்தாறு நாள் தாங்கும். கழுவுவது சாப்பிடும் வேளையில். எங்கள் வீட்டில் பெரும்பாலும் பிரிட்ஜ் வரைக்கும் போவதே இல்லை. தயிர்சாதத் தட்டை வைத்துவிட்டுக் கத்தரியோடு ஜன்னலுக்குப் போய் வேண்டிய அளவு வெட்டிக்கொள்கிறோம்.